வானம் பார்த்த கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நடுவில் தில்லியிலிருந்து ஓர் எண் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியா முழுமைக்குமான மழையின் நீண்டகாலச் சராசரி 87 சென்டிமீட்டர். வரப்போகும் பருவத்தில் அதில் நூற்றுக்கு எவ்வளவு பெய்யும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும் எண் அது. 96-க்கும் 104-க்கும் இடையே விழுந்தால் இயல்பான மழை. பங்குச்சந்தை அதைக் காதில் போட்டுக்கொள்கிறது. டிராக்டர் விற்பவர்களும் உரம் விற்பவர்களும் கணக்குப் போடுகிறார்கள். விலைவாசி பற்றி ஆட்சியாளர்கள் ஆறுதலாகவோ கவலையாகவோ நாலு வார்த்தை சொல்கிறார்கள்.

விசித்திரம் என்னவென்றால், அந்த எண்ணை எந்த ஊரின் மீதும் வைத்துப் பார்க்க முடியாது. அசாமில் வெள்ளமும் மராத்வாடாவில் வறட்சியும் கூடி நாட்டுக்கணக்கில் நூறாகிவிடலாம். தமிழ்நாட்டுக்கு அது இன்னும் தொலைவு. நம் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் வருவது. நாடு முழுவதும் மழைக்கணக்கை முடித்து ஏடு கட்டிய பிறகுதான் நமக்குக் கணக்கே தொடங்குகிறது.

அந்த எண் எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்பது ஒரு கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. எதைத் தெரிந்துகொள்வதற்காக ஒரு சமூகம் இந்த எண்ணைக் கேட்க ஆரம்பித்தது? கேட்டது சரியான கேள்விதானா?

*

கேள்வி பிறந்ததில் நம் நிலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1876-இல் சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் பம்பாய்த் தக்காணத்திலும் மழை பொய்த்தது. தமிழ்க் கணக்கில் அது தாது வருடம். தாது வருடப் பஞ்சம் என்றே கும்மிப் பாட்டுகளிலும் கிழவிகளின் பேச்சிலும் அது நின்றுபோனது. அடுத்த ஆண்டும் தென்மேற்குப் பருவம் கைவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தில்லியில் கூடியது. அதே மாதம் வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே வந்தார். செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலைக்கு வரும் வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். கல்லுடைத்து மண்சுமக்கும் உடம்புக்கு இது காணாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். தானிய வணிகத்தில் அரசு கைவைக்கலாகாது என்பது அன்றைய கொள்கை. ஏற்றுமதி நிற்கவில்லை. புதிதாக வந்த ரயில் பஞ்சப் பகுதிகளுக்குத் தானியம் கொண்டுவந்தது. விலை கூடுதலாகக் கிடைக்கும் இடங்களுக்கு அதே தண்டவாளத்தில் கொண்டும் போனது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு அப்போது பஞ்ச வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய கவர்னர் பக்கிங்ஹாமின் பெயரை இன்றும் சுமக்கிறது.

பஞ்சம் ஓய்ந்ததும் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் ஒரு கமிஷன். 1880-இல் அதன் அறிக்கை வந்தது. இதற்கிடையே வேறொரு எதிர்பார்ப்பும் வலுத்தது: பருவமழையை முன்கூட்டியே அறிய வேண்டும். 1875-இல் தொடங்கப்பட்டிருந்த வானிலைத் துறைக்கும் அதன் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டுக்கும் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. மக்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்வியின் பக்கத்தில் மழை எப்போது பொய்க்கும் என்ற கேள்வி வந்து அமர்ந்தது. இரண்டாவது கேள்வியில் யாருக்கும் சங்கடமில்லை. வானத்தின் மீது வழக்குப் போட முடியாது. அதைப் புரிந்துகொள்ள முயலலாம், முயற்சி கௌரவமானதும்கூட.

பிளான்ஃபோர்டு இமயத்தின் பனியைப் பார்த்தார். குளிர்காலத்திலும் இளவேனிலிலும் அங்கே பனி மிகுந்தால் கோடையில் நிலம் சூடேறத் தாமதமாகும், மழை குறையும் என்று கருதினார். 1882 முதல் சில ஆண்டுகள் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். 1886 ஜூன் 4-ஆம் நாள் முதல் முறையான பருவக் கணிப்பு வெளிவந்தது. 1877-இன் பதிவுகளைப் புரட்டியபோது அவர் கண்ணில் இன்னொன்றும் பட்டிருந்தது. ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்த ஒரு பரப்பில் அந்த ஆண்டு காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. ஒரு மாகாணத்தின் பஞ்சம் பாதி உலகத்தின் வானத்தோடு கட்டுண்டிருக்கிறது என்பதற்கான தடயம் அது. தொடர்ந்து போவதற்கு அன்று போதிய தரவு இல்லை.

*

முன்னே ஓர் அறிகுறி, பின்னே ஒரு மழை. இந்த முறை நம் ஊருக்குப் புதிதல்ல. மார்கழியில் கர்ப்போட்டம் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் நாட்களில் மேகம் எப்படி ஓடுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று கவனித்து அடுத்த மழைக்காலத்தை நாள்வாரியாகச் சொல்லும் வழக்கம் அது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர், மேகம் கருவுற்ற 195-ஆம் நாள் மழை பிறக்கும் என்று கணக்கே கொடுத்திருக்கிறார். பஞ்சாங்கத்தைத் திறந்தால் இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, நிலத்துக்கு இத்தனை என்று எழுதியிருக்கும்.

இமயப் பனிக்கும் மார்கழி மேகத்துக்கும் தர்க்கத்தின் வடிவத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு பேரேட்டில் இருக்கிறது. கடலில் பெய்த மரக்காலை அளந்து வந்து பஞ்சாங்கக்காரரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பலித்த ஆண்டு நினைவில் நிற்கும். பலிக்காத ஆண்டு ஊர் மறந்துவிடும். வானிலைத் துறையின் கணிப்போ தேதி போட்டு அச்சில் ஏறியது. மழைமானியின் அளவும் அச்சில் ஏறியது. தவறினால் மறைய இடமில்லை. அறிவியலின் மேன்மையென்று நான் முதலில் சொல்வது இந்தப் பாதுகாப்பின்மையைத்தான்.

பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட்டுக்கு அது விரைவிலேயே வாய்த்தது. அவர் இமயப் பனியோடு இந்தியப் பெருங்கடலின் நிலைமைகளையும் சேர்த்து நீண்ட கணிப்புகள் எழுதினார். 1899-இல் இயல்பைவிட நல்ல மழை என்றார். வந்ததோ நூற்றாண்டின் கொடிய வறட்சிகளில் ஒன்று. கண்டனம் எழுந்தது; பிறகு சில ஆண்டுகள் பருவக் கணிப்பு பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசின் ரகசியக் காகிதமாகவே இருந்தது. தவறிய கணிப்பைத் திருத்துவதற்குள் அதை மறைத்துவிடத் தோன்றுவது அதிகாரத்தின் பழைய பழக்கம்.

*

1904-இல் எலியட்டின் இடத்துக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். பூமராங் எப்படித் திரும்பி வருகிறது என்று ஆராய்ந்ததால் நண்பர்களிடையே பூமராங் வாக்கர். வானிலையில் முன்பயிற்சி எதுவும் கிடையாது. தமிழ் வாசகர்கள் அவரை வேறொரு கதையில் சந்தித்திருக்கலாம். 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தம் அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு வேலை பார்த்த எழுத்தரின் கணக்குகளைக் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகம் இந்த இளைஞரைச் சில ஆண்டுகளாவது வேலைக் கவலையின்றிக் கணிதம் செய்ய விட வேண்டும் என்று வாக்கர் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்ததில் அந்தக் கடிதத்துக்குப் பங்குண்டு. தன் துறைக்கு வெளியே இருந்த ஒன்றின் மதிப்பு அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. தன் துறைக்குள் அப்படி எதுவும் சட்டென்று பிடிபடவில்லை.

வானத்தின் இயக்கவிதிகளிலிருந்து தொடங்கிப் பருவமழையைக் கணிதமாக எழுதுவது அன்றைக்கு ஆகாத காரியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே காரணங்களை ஒத்திப்போட்டார். உலகத்தின் பதிவேடுகளை வரவழைத்தார். மொரீஷியஸின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை, இமயத்தின் பனி. எது எதனோடு சேர்ந்து ஏறுகிறது, எது இறங்கும்போது எது ஏறுகிறது என்று தொடர்புக் கெழுக்களைக் கணக்கிட வைத்தார். கணினிகள் இல்லாத காலம். சிம்லாவில் இந்திய எழுத்தர்கள் கையால் போட்ட கூட்டலும் பெருக்கலும்தான் இயந்திரம்.

இந்த முறையில் ஒளிந்திருக்கும் பள்ளத்தையும் அவரே கண்டார். நூறு ஊர்களின் தரவை மழையோடு ஒப்பிட்டால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு பிரமாதமாகப் பொருந்தித் தொலைக்கும். பொருந்தியவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துச் சூத்திரம் செய்தால் அது கடந்த காலத்தை அச்சுப்பிசகாமல் சொல்லும், வருங்காலத்துக்கு உதவாது. 1914-இல் அவர் எழுதிய கட்டுரையொன்று இதைப் பற்றியது: பலவற்றைத் தேடிக் கண்டெடுத்த உறவை, ஒன்றை மட்டும் பார்த்துக் கண்ட உறவைவிடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். பெருந்தரவுக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் மறுபடியும் மறுபடியும் விழுந்து எழும் பள்ளம் இது. வேலி போட்டு நூறாண்டுக்கு மேலாகிறது.

எண்களின் காட்டிலிருந்து 1924 வாக்கில் ஓர் உருவம் தெளிந்தது. பசிபிக்கில் அழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. பல்லாயிரம் மைல் அகலமுள்ள ஒரு தராசு. தெற்கத்திய அலைவு என்று அதற்குப் பெயரிட்டார். அந்த ஆண்டே இந்தியாவை விட்டுக் கிளம்பினார். எந்த வேலைக்காக வந்தாரோ அந்த வேலை, பருவமழையை நம்பகமாக முன்னறிவது, முடியவில்லை. பருவமழை, தனக்கு முன்னால் இருந்த அலைவின் நிலையைவிடப் பின்னால் வந்த நிலையோடு அழுத்தமாகப் பொருந்தியது. பின்னாளில் துறைத்தலைவராக இருந்த சார்லஸ் நார்மண்ட் 1953-இல் இதை எடுத்துக்காட்டினார்: இந்தியப் பருவமழையை முன்னறிவது கடினம், ஆனால் அதை வைத்துப் பிற இடங்களின் வானிலையை முன்னறிவது சுலபம். உலகம் இந்தியாவுக்குச் சொல்வதைவிட இந்தியா உலகத்துக்குச் சொல்வது கூடுதல்.

வாக்கர் 1958-இல் இறந்தார். ஏன் இந்தத் தராசு ஆடுகிறது என்ற விளக்கம் 1969-இல் ஜேக்கப் பியர்க்னஸிடமிருந்து வந்தது. பெரு நாட்டுக் கரையோர மீனவர்கள் எல் நினோ என்று அழைத்த கடல்வெப்பமும் வாக்கரின் அலைவும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். வெதுவெதுப்பான நீர் பசிபிக்கின் கிழக்கே நகர்ந்தால் காற்றின் சுழற்சி தளர்கிறது. சுழற்சி தளர்ந்தால் நீர் இன்னும் கிழக்கே நகர்கிறது. ஒன்றையொன்று தள்ளும் இரண்டில் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. பியர்க்னஸ் அந்தச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரைச் சூட்டினார். தாது வருடப் பஞ்சத்தின் பின்னால் இருந்தது மிக வலுவான ஓர் எல் நினோ என்பது இன்று தெளிவு.

*

விளக்கம் கிடைத்தால் கணிப்பு கைவந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1997 அதைக் கலைத்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று பசிபிக்கில் பொங்கியது. பெரும் வறட்சிக்கு எல்லோரும் தயாரானார்கள். மழை நூற்றுக்கு 102 பெய்தது.

நேர்மாறான பாடம் 2002-இல். வசந்த் கோவாரிகர் தலைமையிலான குழு 1988-இல் பதினாறு அளவீடுகளைக் கொண்டு ஒரு சூத்திரம் அமைத்திருந்தது. இமயப் பனி, யுரேசியப் பனி, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக் காற்றழுத்தம், வாக்கர் பார்த்ததுபோலவே தொலைவில் அர்ஜென்டீனாவின் அழுத்தம். பத்தாண்டுகளுக்கு மேல் அது நன்றாக உழைத்ததாகத் தோன்றியது. 1988 முதல் 2001 வரை நாடு தழுவிய வறட்சி ஒன்றுகூட வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வறட்சியே வராத காலத்தில் வறட்சி வராது என்று சொன்ன சூத்திரம் இன்னும் தேர்வெழுதவில்லை என்றுதான் பொருள். 2002-இல் 101 விழுக்காடு என்றது. ஜூலையில் வழக்கமான மழையில் பாதிதான் பெய்தது. பருவம் 81-இல் முடிந்தது. அடுத்த ஆண்டே சூத்திரம் மாற்றப்பட்டது.

1997-க்கு என்ன ஆயிற்று? 1999-இல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகட்டா ஆகியோர் இந்தியப் பெருங்கடலுக்கே தன்னுடைய ஊசலாட்டம் ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அதன் மேற்குப் பகுதி சூடாகிக் கிழக்கு குளிர்ந்தால் பருவமழைக்கு உதவக்கூடும். 1997-இல் அப்படித்தான் இருந்தது. 1999-இலேயே கிருஷ்ணகுமார், பாலாஜி ராஜகோபாலன், மார்க் கேன் மூவரும் எல் நினோவுக்கும் பருவமழைக்குமான பழைய உறவே தளர்ந்து வருவதாக எழுதினார்கள். பின்னர், பசிபிக்கில் சூடு எந்த இடத்தில் குவிகிறது என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது என்ற விளக்கமும் சேர்ந்தது.

எனக்கு இதில் உறைப்பது ஒன்று. சிக்கலான அமைப்புகளில் உறவுகளுக்கும் ஆயுள் உண்டு. முப்பது ஆண்டுப் பதிவில் உறுதியாக நின்ற ஓர் உறவு அடுத்த முப்பது ஆண்டில் கரைந்துபோகலாம். பதிவு தவறென்று ஆகாது. அமைப்பு வேறு நிலைக்கு நகர்ந்துவிட்டது. கடந்தகாலத்தை எவ்வளவு துல்லியமாகக் கற்றாலும், கற்றுமுடிக்கும்போது ஆசிரியர் மாறியிருப்பார்.

*

இன்னொரு பக்கம், காரணங்களை முழுதாக அறிந்தும் முன்னறிய முடியாத ஒரு நிலையும் உண்டு என்று காட்டியவர் எட்வர்ட் லோரன்ஸ். 1961-இல் அவர் தம் கணினியில் ஓட்டிய சிறு வானிலை மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட விரும்பினார். இயந்திரத்துக்குள் 0.506127 என்றிருந்த எண் அச்சில் 0.506 என்று சுருங்கியிருந்தது. அதையே உள்ளிட்டார். கொஞ்ச தூரம் இரண்டு ஓட்டங்களும் கைகோத்துப் போயின. பிறகு ஒன்றுக்கொன்று முகமே தெரியாத இரண்டு வானிலைகள். சமன்பாட்டில் பிழையில்லை, தற்செயல் எதுவும் கலக்கவில்லை. தொடக்கத்தில் இருந்த ஒரு துளி வேறுபாடு வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்கியது. இதைப் பற்றி 1963-இல் வெளியான அவர் கட்டுரைக்குப் பிறகு அன்றாட வானிலைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் என்ற எல்லைக்கோடு மெல்ல உருவானது. எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போக முடியாது.

அப்படியானால் நான்கு மாத மழையை ஏப்ரலில் சொல்வது வெறும் துணிச்சலா? ஜூல் சார்னியும் ஜகதீஷ் சுக்லாவும் 1981-இல் இதற்குப் பதில் வைத்தார்கள். உலையில் கொதிக்கும் அரிசியில் ஒரு பருக்கை எந்தப் பக்கம் புரளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுப்பில் எவ்வளவு விறகு எரிகிறது என்று பார்த்தால் சோறு எப்போது வேகும் என்று சொல்லிவிடலாம். வெப்பமண்டலத்துக்கு விறகு, கடலின் வெப்பமும் நிலத்தின் ஈரமும். அவை மெதுவாக மாறுபவை. எந்த நாளில் எந்த ஊரில் மழை என்பது மறைந்துபோனாலும், பருவம் மொத்தத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கான வாய்ப்பு அவற்றில் தங்கியிருக்கிறது. இன்றைய பருவக் கணிப்புகள் கடலையும் காற்றையும் சேர்த்து ஓட்டும் மாதிரிகளின் மேல் நிற்பது இதனால்தான்.

லோரன்ஸ் காட்டிய வரம்பிலிருந்து ஒரு நடைமுறையும் கிளைத்தது. தொடக்கநிலை துல்லியமாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட பின் ஒரே ஓர் எதிர்காலத்தைக் கணக்கிடுவதில் என்ன பொருள்? 1992-இலிருந்து பெரிய வானிலை மையங்கள் சிறுசிறு வேறுபாடுகளோடு மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பார்க்கின்றன. ஐரோப்பிய மையத்தில் இன்று ஒவ்வொரு தடவையும் ஐம்பது எதிர்காலங்கள். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் நம்பிக்கையோடு சொல்லலாம். விசிறிபோல் விரிந்தால் தெரியாது என்பதையே அளந்து சொல்லலாம். அறியாமையை அளந்து காட்டுவது மனித அறிவின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்கும் செவி நம்மிடம் வளரவில்லை. நாற்பது விழுக்காடு வாய்ப்பு என்றால், நழுவுகிறார் என்கிறோம். மழை வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்கிறோம். அப்படி ஒரே வார்த்தையில் சொல்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் கூட்டம் உண்டு.

*

வானத்தைப் பற்றி ஒரு வசதி இருக்கிறது. நம் கணிப்பு அதற்குக் கேட்காது. மழை குறையும் என்று சொன்னதால் மேகம் மனம் மாறுவதில்லை. மழை குறையும் என்ற செய்தி கேட்டதும் மாறுவது சந்தை. வணிகர் மூட்டையை உள்ளே அடுக்குகிறார், வாங்க முடிந்தவர் கூடுதலாக வாங்கி வைக்கிறார், விலை ஏறுகிறது, ஏறிய விலை இன்னும் ஏறும் என்ற அச்சத்தை விதைக்கிறது. தானியத்தின் விலையே ஆயிரம்பேர் சேர்ந்து செய்யும் ஒரு கணிப்புதான். அது தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு. மழை பொய்த்ததற்கும் குழந்தை இறந்ததற்கும் இடையே விலை, கூலி, கடன், தண்டவாளம், துறைமுகம், வைசிராயின் கொள்கை, டெம்பிளின் ஒரு பவுண்டு எல்லாம் இருந்தன. அமர்த்தியா சென் 1981-இல் வெளிவந்த நூலில் பஞ்சங்களை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார்: உணவு இருந்ததா என்று கேட்பதோடு நிற்காமல், அதைப் பெறும் வழி யாருக்கு இருந்தது, யாருக்கு அறுந்தது என்று கேளுங்கள்.

சங்கிலியின் மற்றக் கண்ணிகளைக் கவனிக்காமல் முதல் கண்ணியை மட்டும் மெருகேற்றிக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சிகள் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஓக்கி, குமரிமுனைக்கு அருகே வெகுவேகமாகப் புயலாக உருவெடுத்தது. எச்சரிக்கை வந்தபோது குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தார்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையில் ஒட்டிய அறிவிப்பு அவர்களை எட்டவில்லை. 2015-இல் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு வறட்சியைத் தந்த அதே எல் நினோ, நம் வடகிழக்குப் பருவத்துக்கு வலுவூட்டியது. சென்னையில் கனமழை வரும் என்ற எச்சரிக்கை இருந்தது. நிறைந்து நின்ற செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவிலும், குறுகிய அடையாற்றிலும், பெரும்பகுதியைப் பறிகொடுத்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலும் நகரம் மூழ்கியது. தலைமைத் தணிக்கை அலுவலரின் அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் கடும் புயலாக அதே கரையில் ஏறியபோது இறப்பு சில பத்துகளில் நின்றது. இடைப்பட்ட காலத்தில் கணிப்பு மேம்பட்டது உண்மை. அதோடு புகலிடங்கள் கட்டப்பட்டன. ஊர்தோறும் யார் யாரை அழைத்துப் போவது என்று ஒத்திகை பார்க்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே இடம்பெயர்ந்தார்கள். அங்கே கணிப்பு காதில் விழுந்தது, காலும் நடந்தது. புயல் திசைமாறிப் போயிருந்தாலும் ஒரு நாள் சோறும் தூக்கமும்தான் நட்டம். கணிப்பு பிழைக்கலாம், மனிதர் பிழைக்க வேண்டும் என்ற கணக்கில் அமைந்த ஏற்பாடு அது.

*

1880-இன் கமிஷனுக்கு மறுபடி வருகிறேன். மழையைத் தொடாத ஒரு வேலையும் அதனிடமிருந்து பிறந்தது. அதன் பரிந்துரைகளிலிருந்து உருவானவை பஞ்ச விதித்தொகுப்புகள். பஞ்சம் நெருங்குவதை எப்படி அறிவது என்று மாவட்ட அதிகாரிக்குச் சொன்ன கையேடுகள் அவை. வானத்தைப் பார்ப்பதோடு சந்தையையும் சாலையையும் பார்க்கச் சொன்னது அந்தக் கையேடு. தானிய விலை திடீரென ஏறுகிறதா? மக்கள் வேலைதேடிக் கூட்டமாக அலைகிறார்களா? மாடு விற்பனைக்கு வருவது கூடுகிறதா? சிறு திருட்டுகள் பெருகுகின்றனவா? சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சோதனை வேலையைத் திறக்க வேண்டும்: குறைந்த கூலிக்கு ஒரு சாலையோ குளமோ. அந்தக் கூலிக்கும் ஆட்கள் திரண்டு வந்தால் பஞ்சம் வந்துவிட்டது, நிவாரணத்தைத் தொடங்கு.

அரசின் கஞ்சத்தனம் அந்தக் கூலியில் தெரிகிறது. பசித்தவரைத் தேர்வெழுத வைக்கும் கொடுமையும் தெரிகிறது. ஆனாலும் அறிதலின் ஒரு முறையாகப் பார்த்தால் அதில் கூர்மை இருக்கிறது. எதிர்காலத்தைச் சொல்ல அது முயலவில்லை. அமைப்பை ஓரிடத்தில் லேசாகத் தொட்டு, அது எப்படி அசைகிறது என்று பார்த்து, அசைவுக்குத் தக்கபடி அடுத்த அடி வைத்தது. முழுமையாகப் புரியாத ஒன்றோடு வாழ வேண்டியிருக்கும்போது கைக்கெட்டும் வழி அதுதான்: அருகிலிருந்து பார், சிறிதாகச் செய், கிடைத்த பதிலைக் கேட்டு மாற்று, தவறினால் தாங்கும்படி கையிருப்பு வை. தொற்றுநோய்க்கும் நகரத்துக்கும் பொருளாதாரத்துக்கும் இது பொருந்தும். கணிப்பு இந்த வேலையில் ஒரு துணை. நல்ல துணை, அதைச் செம்மைப்படுத்துவதில் வாழ்நாளைச் செலவிட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். முடிவெடுக்கும் பொறுப்பை அதன் தோளில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ள மட்டும் முடியாது.

1943-இல் வங்காளத்தில் அந்தக் கையேடு மேசையில் இருந்தது. அதில் பட்டியலிட்ட அறிகுறிகள் அத்தனையும் கல்கத்தா வீதியில் நடந்துபோயின. மாகாண அரசு பஞ்சம் என்று அறிவிக்கவில்லை. அறிவித்தால் விதித்தொகுப்பின்படி நிவாரணம் கொடுக்கும் கடமை வந்துவிடும். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே எவருக்கும் எதுவும் முன்கூட்டித் தெரியவேண்டிய தேவை இருக்கவில்லை. கண்ணெதிரே இருந்ததைப் பெயர் சொல்லி அழைத்திருந்தால் போதும். எதிர்காலத்தை அறிய முடியாது என்பதை ஒரு சமூகத்தின் குற்றமாக யாரும் சொல்ல மாட்டார்கள். நிகழ்காலத்தை அறிந்தும் அறியாததுபோல் இருந்துவிட்டு, வானம் பொய்த்தது என்று எழுதிவைப்பது குற்றம். எந்த மாதிரியும் அதைத் திருத்தித் தராது.